தலமரமும் மருந்தும்

சிவமயம்

திருக்குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு

 

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே வாய்ந்த இடமே சிறந்த திருக்கோயில் என்பது ஆன்றோர் கொள்கை. இம்மூன்றனுள் தலம் என்பது வெறும் நிலம் அன்று. அந்நிலத்தில் முளைத்துத் தழைத்த மரமும் அதனுள் அடங்கும். கல்லாற் கோயில் எடுப்பதற்கு முன்னர் இறைவன் மரநீழலிலே எழுந்தருளியிருந்தான் என்பதற்குத் தமிழகத்து ஊர்ப்பெயர்களே சான்றாகும். ஆலங்காடு, பாதிரிப்புலியூர், கடம்பூர், பனையூர் என்று வழங்கும் தலங்களில் முதலில் நின்றது மரம். பின்னர் எழுந்தது கோபுரம். கோபுரத்திற்குப் புனித நீர் ஆட்டும் இந்நன்னாளில், அதற்கு முன்னரே நின்ற மரத்தைப் பற்றியும் சிறிது சிந்தித்தல் பொருத்தமுடையதே.

சென்னை மாநகரின் தென்பகுதியை நோக்குக. திருமயிலையிற் கபாலீச்சரத்தின் தலமரம் புன்னை. அம்மை மயிலுருக் கொண்டு பூசித்த இடமாகப் புன்னைவன நாதர் சந்நிதி அம்மரத்தடியிலேயே விளங்குகின்றது. பூம்பாவையை எழுப்பிய திருஞானசம்பந்தப் பெருமானார் தம் திருப்பதிகத்தின் முதற் பாட்டிலேயே அப்புன்னையை நினைந்தருளினார். அங்கிருந்து அடையாற்றைக் கடந்து தெற்கே சென்றால் திருவான்மியூர். அங்கே தலமரம் வன்னி. இறைவன் திருப்பெயரோ மருந்தீசர். அகத்திய முனிவருக்கு மருந்துகளின் இயல்பை அப்பெருமான் உபதேசித்தான் என்பது தலவரலாறு. மேற்கே மாம்பலத்தை நோக்கினால், மகாவில்வம் என்பதே அவ்வூர்ப் பெயருக்கு மூலம் என்று உரைப்பாரும் உளர். புன்னை, வன்னி, வில்வம் ஆகிய மூன்றும் பூசைக்குரியன, மூன்றும் மருந்துக்குரியன. இவ்விரு பயனும் ஒரே மரத்தில் ஒன்றியது தற்செயல் அன்று. எதனால் உயிர் தழைக்குமோ அதனைத் தெய்வத்தின் பால் வைத்துக் காத்தனர் முன்னோர்.

மரங்கள் தரும் மருந்துகள் பல திறத்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது பூஞ்சணத்தை அடக்கும் மருந்து. பூஞ்சணத்தை இக்காலத்தார் பூஞ்சை என்பர். பழஞ்சோற்றிலும், ஈரச்சுவரிலும், மழைக்காலத்துத் தோற்செருப்பிலும் வெண்மையாகவும் பசுமையாகவும் படர்வது அதுவே. அது செடியினமும் அன்று, விலங்கினமும் அன்று. தனக்கென ஒரு தனிக்குலம் உடையது. உடலிற் பற்றினால் படர்தாமரை, தேமல், கால்விரலிடைப் புண் முதலிய பிணிகளை விளைக்கும். வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் கூடிய சென்னை போன்ற நகரில் இதற்கு வாழ்வு எளிது.

பூஞ்சணத்திற்கு மருந்து காண்பது ஏன் அரிதெனின், அதன் உயிரணுவின் அமைப்பு மனித உயிரணுவின் அமைப்பைப் பலவகையில் ஒத்திருத்தலின் என்க. அதனைக் கொல்லும் பொருள் மனிதனையும் வருத்துதல் கூடும். ஆதலின் இந்நாள் மருத்துவத்திலும் இதற்கெனக் கைவந்த மருந்துகள் சிலவேயாம். 2021ஆம் ஆண்டில், பெருந்தொற்றிலிருந்து மீண்டவர் பலரைக் கரும்பூஞ்சை என்னும் கொடுநோய் பற்றியதையும், அதற்குரிய மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு நேர்ந்ததையும் பலரும் அறிவர். 2022ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், உடனடிக் கவனத்திற்குரிய நோய்ப்பூஞ்சணங்கள் 19ஐ முதன்முறையாகப் பட்டியலிட்டது. எளிய நோயாகக் கருதப்பட்ட படர்தாமரையும், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமே வாங்கிப் பூசிக்கொள்வாரின் அறியாமையால், இன்று மருந்துக்கு அடங்காத பிணியாகப் பல இடங்களில் மாறியுள்ளது. இந்நிலையில் ஆய்வாளர் பலர் மரங்களின் பக்கம் மீண்டும் திரும்பியதில் வியப்பில்லை.

மரங்களுக்கு இவ்வாற்றல் எங்ஙனம் வந்தது? மரம் நடந்து செல்லமாட்டாது. பகைவர் வரின் ஓடமாட்டாது. நின்ற இடத்திலேயே நூறாண்டு மழையையும் வெயிலையும் தாங்கவேண்டும். அதன் உடலை மட்கச் செய்து உண்பதற்கு மண்ணிலும் காற்றிலும் பூஞ்சணங்கள் எண்ணிலவாகக் காத்திருக்கின்றன. ஆதலின் மரம் தன்னைக் காத்தற்பொருட்டு எண்ணெயும் பிசினும் துவர்ப்பும் கசப்பும் ஆகிய பொருள்களைத் தன்னுள்ளே ஆக்கி, வைரத்திலும் பட்டையிலும் இலையிலும் நிறைத்து வைக்கின்றது. மனிதன் மருந்தென்று எடுத்துக்கொள்வது, மரம் தன் உயிரைக் காக்கத் தேடி வைத்த பொருளே. இவ்வுண்மையை உணர்ந்தவன் மரத்தின்மேல் அரிவாள் வைக்குமுன் ஒருகணம் தயங்குவான்.

சில எடுத்துக்காட்டுகள் காண்போம். சந்தன வைரத்தின் எண்ணெயில் சாந்தலால் என்னும் பொருள் மிகுந்துள்ளது. படர்தாமரையை விளைக்கும் பூஞ்சணங்களை அது தடுத்தலை ஆய்வுக்கூடத்திற் கண்டுள்ளனர். வில்வத்தின் இலையிலிருந்து வடித்த எண்ணெயும் பூஞ்சண வித்துக்களை முளைக்கவொட்டாமல் தடுத்தது. புன்னை விதையின் கரும்பச்சை எண்ணெய், முற்காலத்தில் விளக்கெரித்தற்கும் சொறி சிரங்குகளுக்கு மேற்பூச்சாதற்கும் பயன்பட்டது. பசிபிக் பெருங்கடலின் தீவினரும் அதே எண்ணெயைப் புண்களுக்கு இட்டு வந்துள்ளனர். சென்னைக்கு வடமேற்கே கடப்பை, சித்தூர் மலைகளில் வளரும் செஞ்சந்தன மரத்தின் வைரத்திலிருந்து டெரோஸ்டில்பின் என்னும் பொருளை முதலிற் பிரித்தெடுத்தனர். அதன் பெயரே அம்மரத்தின் தாவரநூற் பெயரிலிருந்து அமைந்தது. பின்னர் அதே பொருள் திராட்சைக் கொடியிலும் காணப்பட்டது. பூஞ்சணம் தாக்குங்கால் அக்கொடி அதனைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கின்றது.

இவ்வறிவு நம் நாட்டிற்குப் புதிதன்று. திருமுறைகளும் சித்தாந்த சாத்திரங்களும் பனையோலையில் வாழ்ந்தன. ஓலைக்குப் பகை மூன்று: நெருப்பு, செல், பூஞ்சணம். பின்னிரண்டையும் வெல்லுதற்கு வேப்பிலையும் வசம்பும் மஞ்சளும் பயன்படுத்தினர் முன்னோர். 1886ஆம் ஆண்டில் தோன்றிய அடையாறு நூலகமும், 1943ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரில் விளங்கும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும் காக்கின்ற ஏடுகள், இத்தகைய செடிகொடி மரங்களின் துணையால் நம் காலம்வரை வந்து சேர்ந்தவையே. புல்லெண்ணெய் தடவி ஓலையை நெகிழ்வாகவும் பூஞ்சணம் அணுகாமலும் வைத்தல் இன்றும் ஏடுகாப்போர் வழக்கம். மரம் காத்த ஏடு. ஏடு காத்த சைவம்.

மருத்துவ அறிவை மீட்கும் முயற்சியும் இப்பகுதியோடு தொடர்புடையது. தியாகராய நகரின் நடுவே பனகல் பூங்கா உள்ளது. அப்பெயருக்குரிய பனகல் அரசர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் விளங்கிய 1921ஆம் ஆண்டில், நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் செயலாளராக உழைத்தவர் காப்டன் சீனிவாசமூர்த்தி. அவர் பின்னர் அரசினர் இந்திய மருத்துவப் பள்ளியின் முதல்வராகவும், அடையாறு நூலகத்தின் தலைவராகவும் பணிபுரிந்தார். பூஞ்சண நூலாராய்ச்சியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் கூடமும் பெயர்பெற்றது, டி. எஸ். சதாசிவன், சி. வி. சுப்பிரமணியன் ஆகிய பேரறிஞர்கள் அங்கிருந்து உலகறிந்த ஆய்வுகளை நிகழ்த்தினர்.

வேம்பின் வரலாறு ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களின்மேல் தோன்றும் பூஞ்சணத்தை அடக்கும் முறை தமக்கே உரியதென்று அமெரிக்க வேளாண்மைத் துறையும் கிரேஸ் என்னும் அந்நாட்டு நிறுவனமும் உரிமை கோர, 1994ஆம் ஆண்டில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அவ்வுரிமையை வழங்கிவிட்டது. வேப்பந்தோப்பின் நிழலில் வாழும் எந்த உழவனும் இதனைக் கேட்டால் நகைப்பான். வந்தனா சிவா முதலியோரும் இயற்கை வேளாண்மை இயக்கங்களின் உலகப் பேரவையும் வழக்காடினர். இந்திய மக்கள் இம்முறையை முன்னரே அறிந்து கையாண்டனர் என்பது சான்றுகளால் நிறுவப்பட்டு, 2000ஆம் ஆண்டில் உரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் தள்ளப்பட்டது. மரத்தைப் பற்றிய அறிவு நம்முடையது என்று உலகத்தின் முன் நிலைநாட்டியாயிற்று. ஆயின் அறிவு நம்மிடம் நிற்க, மரம் நம்மிடம் நிற்கின்றதா என்பதே இன்று எழும் வினா.

வேம்புக்குக் குறைவில்லை; பிற பலவற்றின் நிலை அத்தகையதன்று. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் சந்தனம் அழிவுக்கு இலக்காகக்கூடிய மரமாகவும், செஞ்சந்தனம் அழிவின் வாயில் நிற்கும் மரமாகவும் எழுதப்பட்டுள்ளன. செஞ்சந்தனத்தின் அயல்நாட்டு வாணிகம் 1995 முதல் உலக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. அங்ஙனமிருந்தும் கடத்தல் ஓயவில்லை. மைசாட்சி என்று மருத்துவர் வழங்கும் குங்கிலியத்தைத் தரும் மரம் இராசத்தானம், கூர்ச்சரம் ஆகிய வறண்ட நிலங்களில் வளர்வது; அதுவோ பெரிதும் அழிவுற்ற நிலையில் உள்ளதென 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மேற்கு மலைத்தொடருக்கே உரிய வெள்ளைக் குங்கிலிய மரமும் அருகி வருகின்றது.

மருந்தாதலே மரத்திற்குக் கேடாயிற்றோ எனின், அன்று. எப்பகுதியை எடுக்கிறோம், எவ்வாறு எடுக்கிறோம் என்பதிலேயே கேடும் நலமும் உள்ளன. தானே உதிர்ந்த புன்னை விதையைப் பெறுக்கி எண்ணெய் ஆட்டினால் மரத்திற்கு ஒரு நோவும் இல்லை. இலையை அளவோடு பறித்தால் மீண்டும் தளிர்க்கும். பட்டையைச் சுற்றிலும் உரித்தாலோ, இலையில் ஆகிய உணவு வேருக்கு இறங்கும் வழி அடைபட்டு மரம் பட்டுப்போகும். பிசின் மிகுதியாக வேண்டி ஆழ வெட்டுதலும், அடிமரத்தில் நெருப்பிடுதலும் குங்கிலிய மரங்களைச் சில ஆண்டுகளிற் கொன்றுவிடும். வைரம் வேண்டுவோர் மரத்தை வீழ்த்துகின்றனர். சந்தனத்தின் வேரிலும் எண்ணெய் இருத்தலின் அதனை வேரொடும் பறிக்கின்றனர். தசமூலம் என்னும் பத்து வேர்களில் வில்வம், பெருங்குமிழ், முன்னை, பாதிரி, பெருவாகை என்னும் ஐந்தும் மரங்களின் வேர்கள். பண்டை மருத்துவன் ஒரு நோயாளிக்கு ஒரு பிடி வேர் அகழ்ந்தான்; இன்று ஆலைகள் வண்டி வண்டியாகக் கொள்கின்றன. வேருக்கு ஈடாகக் கிளையும் தண்டும் அதே குணம் தருமா என்று நம் நாட்டு ஆய்வாளர் ஆராய்ந்து வருதல் மகிழ்ச்சிக்குரியது.

எடுக்கும் முறைக்கு நம் சமயத்திலேயே இலக்கணம் உண்டு. வில்வ அருச்சனைக்குரிய விதிகளை நினைவு கூர்க. திங்கட்கிழமை, அமாவாசை, மாதப்பிறப்பு முதலிய நாட்களில் வில்வம் பறித்தல் ஆகாது; முன்னாளிலேயே பறித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். எந்நாளில் தேவை மிகுமோ அந்நாளிலேயே மரத்திற்கு ஓய்வு விதித்தனர். ஒருமுறை சாத்திய வில்வத்தை நீரில் தூய்மை செய்து மீண்டும் சாத்தலாம். அதற்கு நிர்மாலியக் குற்றம் இல்லை என்றும் கூறினர். ஓர் இலை பலநாள் பூசைக்குப் போதுமாயின், மரம் பல தலைமுறைக்கு நிற்கும். சித்த மருத்துவரும் மூலிகை கொள்ளுமுன் காப்புக் கட்டி, அதன் இசைவு வேண்டி, சாபநிவர்த்தி செய்த பின்னரே கைவைப்பர். இவற்றை வெறும் சடங்கென்று ஒதுக்குவார் உளர். கேட்டுப் பெறுக, அளவோடு பெறுக, விட்டு வைத்துப் பெறுக என்னும் மூன்று கட்டளைகளையும் எழுத்தறியாதாரும் மறவாவண்ணம் சடங்காக்கி வைத்த திறமே இது.

இனித் திருக்கோயிலையே நோக்கிச் சில சொல்லவேண்டியுள்ளது. குடமுழுக்கில் திருவுருவைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்தின் எட்டுப் பொருள்களுள் குங்கிலியம் ஒன்று. வேள்விச்சாலையில் அரசு, ஆல், அத்தி, பலாசு, வன்னி, கருங்காலி முதலியவற்றின் சமித்துக்கள் ஆகுதியாகின்றன. நாள்தோறும் சந்தனக்காப்பும் தூபமும் நிகழ்கின்றன. கோயிலினுள்ளே நிற்கும் தலமரத்தில் ஒரு கிளையை ஒடிக்கவும் எவரும் அஞ்சுவர். ஆயின் கோயிலுக்கு வரும் சந்தனமும் குங்கிலியமும் எந்த மலையில், எந்த மரத்தை வீழ்த்தி வந்தன என்று வினவுவார் அரியர். மதிலுக்குள்ளிருக்கும் மரம் தெய்வம். மதிலுக்கு வெளியிலிருக்கும் மரம் சரக்கு என்று கொள்ளுதல் சிவநெறிக்கு ஒவ்வுமோ? எங்கும் நிறைந்தவன் என்று வழிபடும் வாய்க்கு இது பொருந்துமோ?

மரங்களின் அழிவுக்குப் பெருங்காரணம் வாணிகமும் கடத்தலுமேயன்றிக் கோயிற் பூசை அன்று என்பது மெய்யே. கோயிலின் தேவை சிறிதாகலாம். எனினும் கோயில் செய்வதை ஊர் பார்த்துச் செய்யும். திருக்கடவூரிற் குங்கிலியக்கலய நாயனார், இல்லத்தில் உணவில்லாத நாளிலும், மனைவியார் ஈந்த திருமங்கலியத்தை விற்றுக் குங்கிலியம் கொண்டார். தம்முடையதைக் கொடுத்துச் செய்ததே அவர் தொண்டு. களவிற் போந்த சந்தனத்தை மலிவென்று வாங்கிச் சாத்துதல் அத்தொண்டோடு எண்ணப்படாது. ஆதலின் உபயகாரர்கள் சந்தனம் வாங்குங்கால் முறையான இடத்திலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். சிறு கட்டையாயினும் நேர்வழியில் வந்ததே பூசைக்கு உகந்தது.

கேட்டு வாங்குதலோடு நட்டு வளர்த்தலும் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மரபு. இக்குடமுழுக்கில் ஒரு சந்தனக் கன்று நடப்படுமாயின், அடுத்த குடமுழுக்கில் அதன் நடுவே வைரம் ஏறத் தொடங்கியிருக்கும், அவ்வளவே. பயன்கொள்ளும் பருவம் எய்துதற்கு மேலும் ஒன்றிரண்டு குடமுழுக்குகள் கழியவேண்டும். ஒரு மணிநேரக் காப்பிற்கு அரைத்துச் சாத்தும் சந்தனத்தின் விலை ரூபாயன்று. முப்பது ஆண்டு மழையும் வெயிலும் ஆகும். தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திற்குப் பின், தம் நிலத்திற் சந்தனம் வளர்ப்போர் அதற்கு உரியவராயினர். வெட்டுதற்கு மட்டும் வனத்துறையின் இசைவு வேண்டும். சந்தனம் அயல்மரங்களின் வேரைப் பற்றி உணவு கொள்ளும் இயல்பினது. தனியே நட்டால் தழையாது. துவரை முதலிய துணைகளோடு சேர்த்து நடுதல் வேண்டும். கோயில் நிலங்களிலும் அன்பர்தம் தோட்டங்களிலும் இதனைச் செய்தல் கூடும்.

நகரத்தினுள் நடுதற்கு ஏற்றவை புன்னையும் வில்வமும் வன்னியும். புன்னை கடற்காற்றுக்கு அஞ்சாத நெய்தல் நிலமரம். 2016ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலிற் சென்னை பல்லாயிரம் மரங்களை இழந்தது. அவ்விடங்களை மண்ணுக்குரிய மரங்களால் நிரப்புதல் நெடுங்காலத் திருப்பணியாகும்.

முன்னரே உள்ள தலமரங்களையும் அன்பின் மிகுதியால் வருத்தாதிருத்தல் வேண்டும். திருப்பணி என்று மரத்தின் அடிவரை கல்லும் சிமிட்டியும் பாவினால் வேருக்கு நீரும் காற்றும் செல்லா. அடிமரத்தையொட்டிக் கர்ப்பூரம் ஏற்றினால் பட்டை வெந்துபோகும். வெந்த இடத்தின் வழியே பூஞ்சணம் புகுந்து மரத்தை உள்ளே உளுக்கச் செய்யும். ஆணி அடித்தலும், கம்பி கட்டுதலும், கயிற்றை இறுகப் பிணித்தலும் அத்தன்மையனவே. பூஞ்சணத்தைப் போக்கும் மரத்திற்கே பூஞ்சணம் பற்றுமாறு செய்வது பக்தியாகாது. மரத்தைச் சுற்றி நான்கு முழ அகலமேனும் மண்ணைத் திறந்து விடுக. விளக்கை எட்டி வைக்க ஒரு மேடை அமைக்க. நன்கொடைப் பலகையில் பெயர் பொறிக்கப்பெறும் திருப்பணிகளுள் இதுவும் ஒன்றாகுக.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் பூஞ்சணத்தை அடக்கிய எண்ணெய், மனித உடலிலும் அவ்வாறே செய்யும் என்று துணிதல் தவறு. அளவும், பக்குவமும், நோயாளியின் உடல்நிலையும் அறிந்தே மருந்து ஈதல் மருத்துவர் கடன். புன்னை எண்ணெய் மேற்பூச்சுக்குரியதன்றி உட்கொள்ளத்தக்கதன்று. கரும்பூஞ்சை போன்ற கொடுநோய்க்கு வீட்டு மருந்தை நம்பிக் காலந்தாழ்த்துதல் உயிருக்கே இறுதியாம். மருந்தீசன் மருத்துவரையும் படைத்தான் என்பதை மறவாதிருத்தல் நன்று.

முடிவாக ஒன்று. கோபுரம் சிதையின் மீண்டும் எழுப்பலாம். கலசம் கறுப்பின் மீண்டும் பொன் பூசலாம். அதற்கெனவே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு வகுத்தனர். ஒரு மரத்தின் குலமே அற்றுப்போயின் அதற்குச் செய்யத்தக்க குடமுழுக்கு எந்த ஆகமத்திலும் இல்லை. ஆதலின் திருப்பணிக்கு ஈயும் ஒவ்வொருவரும் ஒரு கன்றுக்கும் உரியவராகுக. அக்கன்று வேர்கொள்ளும்வரை நீர் வார்ப்பதைத் தம் குடும்பத்தின் நித்திய பூசையுள் ஒன்றாக ஏற்றுக்கொள்க. அடுத்த குடமுழுக்கிற்கு வரும் இளைஞர் அம்மரத்தடியில் நின்று இலை பறிக்கட்டும், அளவோடு பறிக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.